அடியில் படுத்த அண்ணாச்சி

தென்காசிக்குச் சாரல் வந்துவிட்டதா என்று அறிய வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் நிற்கும் பழைய மாருதிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஜூன் பிறந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்தான் வீட்டு மெக்கானிக் அண்ணாச்சி. மேலகரத்தில் ஒருவர் இருப்பார், இலஞ்சியில் ஒருவர் இருப்பார், செங்கோட்டையில் தெருவுக்கு ஒருவர். பேங்கிலோ மின்வாரியத்திலோ இருந்து ரிட்டயர் ஆனவர். பிழைப்புக்காக ஒருநாளும் ஸ்பானர் பிடித்ததில்லை. அப்படிப் பிடிக்கிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமும் இல்லை.

சாரலுக்கும் சஸ்பென்ஷனுக்கும் என்ன சம்பந்தம்? விருந்தாளிகள்தான். சீசனுக்குச் சென்னையிலிருந்து மகள் குடும்பம் வரும். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்த 800-ல் ஏழு பேர் ஏறுவார்கள். காலையில் பழைய குற்றாலம், மாலையில் ஐந்தருவி, ராத்திரி பிரானூர் பார்டரில் புரோட்டா. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-லேயே எல்லை மலைப்பக்கம் போய்விட்டது. பார்டர் என்ற பெயரையும் புரோட்டாவையும் பிரானூர் விடவில்லை. கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் உழுதுபோட்ட அந்த ரோட்டில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, ‘டொக்’.

அது அண்ணாச்சி காதில் மட்டும்தான் விழும்.

“எல்லாரும் சித்த பேசாம வாங்க, ஸ்பீட் பிரேக்கர் வருது” என்பார். காருக்குள் மூச்சு விடுகிற சத்தம்கூட அடங்கும். தலையை வெளியே நீட்டிக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: “டொக்குன்னா லோயர் ஆர்ம் புஷ். டக்டக்குன்னா பால் ஜாயிண்ட். கடகடன்னா ஷாக் மவுண்ட்.”

“கிரீச்சுன்னு ஒண்ணு கேக்குதே, மாமா?”

“அது ஒங்க அத்த, மாப்ள. பின்சீட்டுல இருக்கா.”

சாமான் வாங்கத் திருநெல்வேலிக்குத்தான் போவார். கடையில் புஷ்ஷை விரலால் நசுக்கி, மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். “ஒரிஜினலா, லோக்கலா?” கடைக்காரர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாலும் பாதிதான் நம்புவார். ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்குவார். சஸ்பென்ஷனைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அவர் சட்டம்.

மறுநாள் காலை சக்கரம் கழலும். சாரல் ஈரத்தில் பிடித்த துரு லேசில் விடாது. முந்தின ராத்திரியே துரு ஆயில் அடித்து ஊறப்போட்ட போல்ட்டாக இருந்தாலும், ஸ்பானர் முனையில் போர் மோட்டாரின் பழைய ஜி.ஐ. பைப்பைச் செருகித் தொங்கினால்தான் அசையும். அதற்குள் தெருவே கூடிவிடும். சுத்தியலால் ஒரு போடு போடச் சொல்வார் ஒருவர். “ஆயில மாத்திப் பாத்தியளா, அண்ணாச்சி?” என்பார் இன்னொருவர், அவருக்கு எல்லா நோய்க்கும் அந்த ஒரே மருந்துதான். அண்ணாச்சி அடியிலிருந்தே பதில் சொல்வார்: “பால் ஜாயிண்ட் தண்டுல காடி வெட்டியிருக்கு வே. போல்ட்ட முழுசா உருவாம என்ன அடிச்சாலும் வராது.” அது உண்மைதான். தெரு கொஞ்சநேரம் வாயை மூடும்.

டார்ச் பிடிக்கிற வேலை மாப்பிள்ளைக்கு. அருவியில் குளிக்க வந்தவர் அவர். “மாப்ள, கோவிச்சுக்கிடாதீங்க, லைட்ட எடதுபக்கம் அடிங்க” என்று ஆரம்பிக்கும். அரைமணி நேரத்தில் “எடதுன்னேன்லா!” என்று வந்து நிற்கும். சாயங்காலம் முழங்கை வரை கிரீஸோடு மாப்பிள்ளை மெயின் அருவிக்குப் போவார். அங்கே எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை. கிரீஸோடு வருகிறவனுக்கு என்ன வழி என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

அண்ணாச்சியின் வீரம் ஓர் இடத்தில் மட்டும் அடங்கும். முன்பக்க ஸ்ட்ரட், அமெரிக்காவில் 1940-களில் எர்ல் மக்ஃபெர்சன் என்ற எஞ்சினியர் யோசித்த ஏற்பாடு. ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால் தாடை போய்விடும். ஆகவே ஸ்ட்ரட்டை அப்படியே கழற்றிச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் வைத்து, வருஷமெல்லாம் திட்டுகிற அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோவார். மெக்கானிக் ஒன்றும் கேட்கமாட்டார். ஸ்டூலை மட்டும் இழுத்துப் போடுவார்.

ஆனால் கடைசி முறுக்கில் அண்ணாச்சி ஜெயித்துவிடுவார். புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கக் கூடாது; வண்டியை இறக்கி, பாரம் முழுதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அவசரத்தில் பலர் விட்டுவிடுகிற வேலை இது. அண்ணாச்சிக்கு அவசரமே கிடையாது. பிறகு அலைன்மென்ட் பார்த்துவிட்டு, புளியரை எஸ் வளைவு வரை ஓட்டிப் பார்ப்பார்.

கணக்குப் போட்டால் சாமான், பஸ் டிக்கெட், புது ஸ்பானர், மெக்கானிக் கூலி, கூடிநின்ற ஆலோசகர்களுக்கு வாங்கிய டீ, வடை எல்லாம் சேர்ந்து ஒர்க்‌ஷாப் பில்லைத் தாண்டிவிடும். வருத்தம் அதில் இல்லை. மறுபடியும் ஏழு பேரோடு ஐந்தருவிக்குப் போகும்போது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் வேண்டுமென்றே ஏற்றி இறக்கி, கண்ணாடியில் பின்சீட்டு முகங்களைப் பார்ப்பார். ஒரு முகத்திலும் மாற்றம் இருக்காது. இருந்த சத்தமே காதில் விழாதவர்களுக்கு, இல்லாத சத்தம் எப்படித் தெரியும்?

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். அண்ணாச்சிமாருக்கு: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள், செங்கல்லை வைக்காதீர்கள். சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு: முதல் ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் “சத்தமே இல்லையே!” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பார்டர் புரோட்டா பில்லை அவரே கொடுத்துவிடுவார்.