வந்த பூனையும் இருந்த பூனையும்

என்ன பேராண்டி, தெருப்பூனை ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டயாமே? தூக்குறதுக்கு முந்தியே படம் புடிச்சுப் போட்டுட்டயாமே? நனைஞ்ச குட்டி, பின்னால ஒரு சோகப்பாட்டு, கீழ அழுகுற பொம்மை மூஞ்சி வரிசை வரிசையா. நல்லது. இரக்கப்படுறதுக்குத் துட்டா கேக்கான்? ஆனா ஒண்ணு சொல்லு. ஏற்கெனவே உன் சோபாவுல ஒருத்தன் மல்லாந்து கிடக்கானே, மைலோ. அவன் கதி என்னன்னு யோசிச்சயா?

எனக்குப் பூனைமேல விரோதம் ஒண்ணும் கிடையாது. எங்க காலத்துல வீட்டுக்கு வீடு பூனை கிடந்துச்சு. வளர்த்தோம்னு சொல்ல முடியாது. குலுக்கையில கம்பு இருந்துச்சு, கம்பைத் தேடி எலி வந்துச்சு, எலியைத் தேடிப் பூனை வந்துச்சு. அம்புட்டுத்தான். பொறந்தநாளும் இல்ல, கேக்கும் இல்ல. உன் மைலோவுக்கு ஜாதகம் ஒண்ணுதான் இன்னும் கணிக்கல. எலியைக் காட்டினா உன் மடியில ஏறி ஒளிஞ்சுக்கிடுவான். இருக்கட்டும், உன் வீட்டுச் சோத்தை நம்பி இருக்கிறவன். முத பாத்தியதை அவனுக்குத்தான்.

மொதல்ல, தூக்கிட்டு வந்தது அனாதைதானான்னு விசாரிச்சயா? நாலு வீட்டுல நாலு பேருல சாப்பிடுற பூனை எத்தனையோ இருக்கு. காலையில ஒரு வீட்டுல கருவாடு, மத்தியானம் ஒரு வீட்டுல தயிர்ச்சோறு. அதைப் போய் நீ ‘மீட்டுட்டேன்’னு தூக்கிட்டு வந்தா, அந்த நாலு வீட்டுக்காரனும் ராத்திரி டார்ச் அடிச்சுத் தேடிக்கிட்டு இருப்பான். காது நுனியைப் பாரு. நேரா வெட்டியிருந்தா, யாரோ புண்ணியவான் கருத்தடை பண்ணி விட்டுருக்கான்னு அர்த்தம்.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தை தெரியுமா? சனிக்கிழமை கூடும். அங்க ஆடு வாங்குற விவரமுள்ளவன், கொண்டாந்த அன்னிக்கே அதைக் கிடையில சேர்க்க மாட்டான். தனியா ஒரு மரத்தடியில கட்டிப் போடுவான். மூக்கு வடியுதா, கழியுதா, வாயில புண்ணு இருக்கான்னு நாலு நாள் பார்ப்பான். ஆட்டுக்கொல்லி நோய் ஒரு குட்டியோட உள்ள வந்தா மொத்தக் கிடையையும் வாரிக்கிட்டுப் போயிரும்னு அவனுக்குத் தெரியும். அவன் எந்தக் காலேசுல படிச்சான்? நீ படிச்சவன். ‘குவாரண்டைன் புரோட்டோகால்’னு வாய் நிறையச் சொல்லுத. சொல்லிட்டு, வந்த பூனையை மைலோ தட்டுலயே திங்க விட்டு, ‘பாருங்க தாத்தா, எவ்வளவு ஒத்துமை’ன்னு வீடியோ அனுப்புத!

ஒரு ரூமைக் காலி பண்ணு. அந்தக் கடைசி ரூம் இருக்குல்ல, உடற்பயிற்சி மிஷின் வாங்கித் துணி காயப்போடுற ரூம், அதுதான். வந்ததை அதுல விட்டுக் கதவைச் சாத்து. ரெண்டு வாரம். சாப்பாட்டுத் தட்டு தனி, தண்ணிச் சட்டி தனி, மணல் தட்டு தனி. அங்க போயிட்டு வந்தா சட்டையை மாத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கொடுமையா? கதவைத் திறந்து வச்சு, உள்ள இருக்கிறவனைச் சாகக் குடுக்கிறதுதான் கொடுமை.

ஏன் ரெண்டு வாரம்னு கேப்ப. நாய்க்குப் பார்வோன்னு ஒரு நோய் வருமே, அதுக்குப் பங்காளி ஒண்ணு பூனைக்கு இருக்கு. பான்லுக்கோபீனியான்னு பேரு. பேரைச் சொல்லி முடிக்குமுன்ன குட்டி போயிரும். நோய் உள்ள புகுந்ததும் தெரியாது. சில நாள் துள்ளி விளையாடும். பெறகுதான் வாந்தி, பேதி, சாப்பாட்டை முகர்ந்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிடும். அந்தக் கிருமி தரையில, துணியில, உன் செருப்புல ஒரு வருசம்கூடக் கிடக்கும். சும்மா சோப்புத் தண்ணிக்குச் சாகாது. வீட்டுல பிளீச்சு இருக்கும்ல? ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணி கலந்து, துடைச்ச தரையில ஊத்திப் பத்து நிமிசம் விட்டுக் கழுவு. காய்ஞ்ச பெறகு பூனையை விடு. ஃபினாயில், டெட்டால்னு கையை நீட்டாத. அது பாதத்துல ஒட்டும், பூனை பாதத்தை நக்கும், விஷம் நேரா வயித்துக்குள்ள.

இதுக்கெல்லாம் ஊசி இருக்கு. மைலோவுக்கு முறையாப் போட்டுருக்கான்னு அட்டையை எடுத்துப் பாரு. பொறந்தநாள் கேக்கு ரசீது பத்திரமா இருக்கும், ஊசி அட்டை இருக்காது. பந்தயமா?

வந்ததை டாக்டர்கிட்ட காட்டு. மெட்ராசுல இருந்துக்கிட்டு இடம் தெரியலேங்காத. வேப்பேரியில 1903லேயே கால்நடைக் கல்லூரி வந்தாச்சு, ஆஸ்பத்திரியோட. ரத்தத்துல ரெண்டு நோய் பார்க்கச் சொல்லு. ஒண்ணு கடியால பரவும், எஃப்ஐவி. இன்னொண்ணு எச்சியால, ஒரே தட்டுல திங்கிறதால, ஒண்ணை ஒண்ணு நக்குறதால பரவும், எஃப்இஎல்வி. அந்த ஒத்துமை வீடியோ ஞாபகம் இருக்கா? ஒரு தடவை இல்லேன்னு வந்தாலும், ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுவாங்க. காதுக்குள்ள கறுப்பா பொடிப்பொடியா அழுக்கு இருந்தா உண்ணிச் சொறி. வட்டமா முடி கொட்டியிருந்தா படர்தாமரை, அது உனக்கும் வரும்.

தெள்ளுப்பூச்சி கண்டிப்பா இருக்கும். அதுக்காகப் பக்கத்து பிளாட்டுக்காரர் நாய்க்கு வச்சிருக்கிற மருந்தை ஓசி வாங்கி ஊத்தாத. அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனை துடிச்சுச் செத்துரும். காய்ச்சலா இருக்கேன்னு பாரசிட்டமால் குடுக்கிற புத்திசாலியும் உண்டு. பூனைக்கு அது எமன்.

‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்’னு ஊருல ஒருத்தனை வைவோம். நீ இப்ப ரெண்டு பக்கமும் தோழனா இருக்கணும். ஆனா அந்தப் பாலைக் குடுக்காத. பசும்பால் பெரும்பாலான பூனைக்கு ஆகாது, வயித்தால போகும். கண்ணு திறக்காத குட்டின்னா அதுக்குன்னு பால்மாவு கடையில விக்குது.

ரெண்டு வாரம் நல்லபடியாப் போச்சுன்னா, உடனே நடுக்கூடத்துல கொண்டாந்து விட்டுக் கைதட்டாத. இது படுத்த துண்டை அதுக்கு, அது படுத்த துண்டை இதுக்கு மாத்திப் போடு. மூடின கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. எதிராளி வாசம் வந்தா மீனும் வருதுன்னு ரெண்டுக்கும் மனசுல பதியட்டும். பெறகு ஒரு விரக்கடை திற. சீறும். சீறட்டும். பூனை சீறாம ஆரத்தியா எடுக்கும்? அடிக்காத, அதட்டாத. மைலோ ஏறி உக்கார உசரமா ஒரு இடம் வை. மணல் தட்டு ரெண்டு பூனைக்கு மூணு.

கருத்தடையைத் தள்ளிப் போடாத. நாலஞ்சு மாசக் குட்டியே சினையாகும், ஒம்பது வாரத்துல பெறும். அப்ப எந்த ரூமைக் காலி பண்ணுவ?

ரெண்டும் கட்டிப் புரளும்போது நடுவுல கையைக் குடுத்துக் கீறல் வாங்காத. வாங்கிட்டா, நாய் கடிச்சாத்தானே ஊசின்னு இருந்துராத. பூனை மூலமும் வெறிநோய் வரும். குழாயடியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவு. மஞ்சப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாத. அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அன்னிக்கு ஒண்ணு, பெறகு 3, 7, 28ஆம் நாள். ‘லேசான கீறல்தான தாத்தா’ன்னு என்கிட்ட போன்ல சொல்லாத, டாக்டர்கிட்ட சொல்லு.

அது கிடக்கட்டும். அந்தக் கடைசி ரூமுலதான பொங்கலுக்கு வந்தா நான் படுப்பேன்? சரி, பூனை இருக்கட்டும், கூடத்துல எனக்கு ஒரு பாய் போதும். ஆனா விளக்கை அமத்துன பெறகு எவனாவது என் நெஞ்சுமேல ஏறிப் படுத்தான்னு வையி, விடியுமுன்ன கோவில்பட்டி பஸ்சுல இருப்பேன்.