ஊசியோடு கணக்கும்

கேள்வி: பெண்களுக்குக் கைத்தொழில் கற்பிக்க வெளிநாடு சென்று தொண்டாற்ற ஆசை. பாஷை தெரியாதவள் போய் என்ன சாதிப்பாய் என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகி, தெற்குமாசி வீதி, மதுரை)

பதில்: தாராளமாகச் சாதிக்கலாம், அம்மா. 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட் பாதிரியாருடன் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண்களுக்கென்று விடுதிப் பள்ளி நடத்தி, அங்கே கற்பித்த லேஸ் பின்னல், அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர் தம் உழைப்பின் ஊதியத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்குமளவுக்குப் பயன்பட்டதென்பது சரித்திரம். அவரும் பாஷை தெரியாமல் வந்தவர்தாம். ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேல் தங்கினார்.

புறப்படுமுன், நம்மூரில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்மணி ஒருவரருகே ஒரு பகற்பொழுது அமர்ந்து பாருங்கள். துணியை நகநுனியால் கிள்ளியெடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்கு நகரும் அந்த விரல்களுக்கு, சாயத்தில் தோய்ந்து முடிச்சவிழ்ந்ததும் வெண்முத்தாய் விழிக்கும் அந்தப் புள்ளிகளுக்கு, நாம் கற்பிக்க என்ன இருக்கிறது? சேலை கடையில் என்ன விலைக்குப் போகிறது, அதில் தமக்குரிய பங்கு எவ்வளவு என்று கேட்கும் துணிவும் கணக்கும் அல்லவா அவருக்கு வேண்டும்? கடல் கடந்த ஊரிலும் பெண்களின் தேவை பெரும்பாலும் இதுவே. ஆகையால் ஊசியுடன் கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் தேதியை மட்டும் சற்றுத் தள்ளியே போட்டுக்கொள்ளுங்கள்.