கிடர்பூர்ச் சாமந்தியும் டைமர்ப்பொழுதும்: ஓர் ஆய்வு

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வகுத்துவிட்டது. இவ்வாய்வில் நிலம் சிக்கலில்லை. கொல்கத்தா, கிடர்பூர், துறைமுகப் பக்கத்துச் சந்து ஒன்றில் தரைத்தள வாடகை வீடு. கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர், மேற்கே மறுபக்கத்து வீட்டுச் சுவர். சூரியன் இந்நிலத்தின் கருப்பொருள்களில் சேராது. சிக்கல் முழுக்கப் பொழுதில்தான். சிறுபொழுது ஆறு என்பார்கள். ஏழாவதாக ‘டைமர்ப்பொழுது’ ஒன்று உண்டு என்று நிறுவுவதே இங்கு நோக்கம். உரையாசிரியர்கள் இதைச் சொல்லாமல் விட்டது குற்றமாகாது. அவர்கள் காலத்தில் பிளக் பாயிண்ட் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை மூன்று: தொட்டிச் சாமந்தி ஒன்று, அதற்கு ஒரு முழம் மேலே தொங்கும், கத்தரிப்பூ நிறத்தில் எரியும் எல்.இ.டி. வளர்விளக்கு, விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் டைமர்.

செடிக்கும் மின்சாரத்துக்கும் முடிச்சுப் போடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆற்றுக்கு அக்கரையில் ராபர்ட் கிட் 1787இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, செடிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து அவை துடிப்பதை அளந்த ஜகதீஷ் சந்திர போஸின் பெயரைத்தான் இன்று தாங்கி நிற்கிறது. பக்கத்து அலிப்பூரில், வில்லியம் கேரி 1820இல் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இருக்கிறது. கொல்கத்தாவின் முதல் மின்சார டிராம் 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு வேறெங்கும் போகவில்லை, கிடர்பூருக்குத்தான் வந்தது. ஆகவே களத்தேர்வு பொருத்தமானதே என்பது ஆய்வாளரின் துணிபு. வாடகை குறைவு என்பது கூடுதல் காரணம்.

பொழுது விஷயத்திலும் இந்த ஊருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 1906இல் இந்திய நேரம் வந்த பிறகும் கொல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 20 நொடி முந்தியது அது. பழைய மதராஸ் நேரமோ 5 மணி 21 நிமிடம் 14 நொடிதான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சாமந்தி தனக்கென்று தனி நேரம் வைத்துக்கொண்டால் யார் கேட்க முடியும்?

முதல் டைமர் சவூதியிலிருந்து வந்தது. மாடிவீட்டுக்காரரின் மகன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. முகத்தில் வட்டத் தகடு, அதன் ஓரத்தில் 96 பற்கள், பல் ஒன்றுக்கு 15 நிமிடம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை உள்ள பற்களை அழுத்திவிட்டால் போதும். 230 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் ஊரும் 230தான். எல்லாம் சரி. ஆனால் இந்த டைமருக்குள் கடிகாரம் கிடையாது. உள்ளே ஒரு சின்ன மோட்டார்; மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறதோ அந்தக் கதியில் சுற்றும். அது எண்ணுவது நேரத்தை அல்ல, அலையை. சவூதியில் நொடிக்கு 60 அலை, இந்தியாவில் 50. அங்கே 24 மணியில் முடியும் சுற்று இங்கே 28 மணி 48 நிமிடம் ஆகிறது.

அட்டவணை போடாமல் சொல்லிவிடலாம். முதல் நாள் காலை 6.00க்கு எரிந்த விளக்கு மறுநாள் 10.48க்கு எரியும். அடுத்து மாலை 3.36. அப்புறம் இரவு 8.24. அதற்கடுத்த தடவை நள்ளிரவு தாண்டி 1.12. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் காலை 6.00. நமக்கு ஆறு நாள் கழிந்திருக்கும், சாமந்திக்கு ஐந்துதான். இந்த 1.12தான் தெருவில் பேச்சானது. ஜன்னல் வழியே கத்தரிப்பூ வெளிச்சம் சந்து முழுக்க விழுந்ததில், தெருக் கிளப் பையன் ஒருவன் மறுநாள் நிறுத்தி, வங்காள வழக்கில் அண்ணன் முறை வைத்துக் கேட்டான்: “தாதா, ராத்திரியில உங்க வீட்டுல என்ன பூஜை?”

கார்னரும் அல்லார்டும் 1920இல் எழுதியதிலிருந்து, செடிகள் பகலிரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கின்றன என்பது தெரிந்த சங்கதி. சாமந்தி நீண்ட இரவைக் கேட்கிற சாதி. சவூதி டைமர் பகலை இழுத்தது போலவே இரவையும் 14 மணி 24 நிமிடத்துக்கு இழுத்ததால் செடிக்கு லாபமே என்று ஒரு தரப்பு வாதிடும். அந்தத் தரப்பு ஆய்வாளர் ஒருவர் மட்டுமே. மின்வெட்டு வந்தால் மோட்டாரும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இரண்டு மணி நேரப் பிந்தல். இதை விரிப்பின் பெருகும்.

இரண்டாவது டைமர் டிஜிட்டல். உள்ளே குட்டி பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் நேரம் மறக்காது. ஆனால் அதில் ஒரு பொத்தான் உண்டு: வீட்டில் ஆள் இருப்பதாகத் திருடனை நம்பவைக்க, விளக்கைக் கண்ட நேரத்தில் போட்டு அணைக்கும் வசதி. தூசி தட்டுகையில் துணி பட்டு அது அழுந்திவிட்டது. திருடன் வரவில்லை, ஏமாந்தது சாமந்தி. அப்புறம் ஒருநாள் விளக்கு அணையவே மறுத்தது. டைமர் ‘டிக்’ என்றது, திரையில் ‘ஆஃப்’ என்றது, விளக்கு பாட்டுக்கு எரிந்தது.

எலக்ட்ரிக் மிஸ்திரி வந்து திருப்புளியால் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே சேரவும் பிரியவும் வேண்டிய இரண்டு வெள்ளிப் புள்ளிகள், சுற்றிலும் கரி படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. “வாட்டைப் பாத்து ஏமாறாதீங்க தாதா. போட்ட நொடியில எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கணும்.” எல்.இ.டி. விளக்கின் டிரைவருக்குள் இருக்கும் கபாசிட்டர், ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில் கண்ணிமைக்கும் முன் பெருங்குடியாக மின்சாரத்தைக் குடிக்கும். அந்தக் குடியில் பொறி பறந்து புள்ளிகள் பற்றிக்கொள்ளும். டைமரின் முதுகில் 16 என்றும் அடைப்புக்குள் 2 என்றும் ஆம்பியர் போட்டிருந்தால் 16 என்பது இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சாதுவான சுமைக்கு. வில்லங்கமான சுமைக்கு அடைப்புக்குள் இருப்பதுதான் கணக்கு. பெரிய எழுத்தில் போட்டதை நம்புவது மனித இயல்பு.

போகிற போக்கில் மிஸ்திரி பழைய சவூதி டைமரை மாட்டி, விளக்கு அணைந்திருக்கும்போது விளக்கின் அலுமினிய உடம்பில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. அந்த டைமரின் சதுரக்கால் பிளக் நம் சுவரில் நுழையாது. அதற்காக மாட்டிய அடாப்டருக்கு இரண்டே கால். எர்த் அங்கேயே அறுந்துபோனது. இரண்டு கால் என்பதால் எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம்; திருப்பிச் செருகினால் டைமர் துண்டிப்பது நியூட்ரலை, பேஸ் விளக்குவரை வந்து காத்திருக்கும். செடிக்குத் தண்ணீர் தெளிப்பவர்களோ விளக்கு அணைந்த நேரம் பார்த்துத்தான் தெளிக்கிறார்கள். டைமர் விளக்கை அணைக்கும். மின்சாரத்தை நிறுத்தியதாக அது எங்கும் சொல்லவில்லை. 2025 செப்டம்பர் 23 மழையில் இந்நகரத்தில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்துப் பலர் மின்சாரம் தாக்கிச் செத்தார்கள். இந்த ஒரு பத்தியில் ஆய்வாளர் வேடிக்கை பேசவில்லை. வேண்டியவை: மூன்று கால் பிளக், 30 மில்லியாம்பியர் கசிவில் விழும் ஆர்.சி.சி.பி., சுவிட்சுப் பலகை தரையிலிருந்து இடுப்புக்கு மேல். வயர் பாயிண்டுக்குக் கீழே ஒரு சாண் தொங்கி மேலேறி வர வேண்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தெளிக்கும் முன் பிளக்கைக் கையால் பிடுங்க வேண்டும்.

ஆய்வேடு வாய்மொழித் தேர்வுக்கு வைக்கப்பட்டது. புறத்தேர்வாளர் வீட்டம்மா. ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏங்க, மொட்டை மாடியில நல்லா வெயில் அடிக்குதே?”

மொட்டை மாடி வீட்டுக்காரருடையது, அங்கே அவர் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார், தொட்டி வைக்கக் கேட்டால் வாடகைப் பேச்சும் கூடவே எழும் என்று ஆய்வாளர் விளக்கினார். விளக்கம் ஏற்கப்படவில்லை. திருத்தங்களோடு மறுபடி அளிக்கும்படி உத்தரவாகியிருக்கிறது.