மூக்குகளின் மீது நடவடிக்கை தேவை

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மக்களிடம் திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. அவர்களுக்கு மூக்கு இருக்கிறது. குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் சொன்னஞ்சாவடியிலும் தலைமுறை தலைமுறையாக அந்த உறுப்பை எந்த வாரியத்திடமும் அனுமதி வாங்காமல் முகத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். 1980களில் மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று ஆலைகள் வந்து இறங்கின. அன்றிலிருந்து இந்த மூக்குகள் தொழில் வளர்ச்சிக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

“ராத்திரி ரெண்டு மணிக்கு நாத்தம் கொடலப் பொரட்டுது சார்” என்று ஊர்க்காரர் புகார் சொல்வார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குவார். இழுத்து ஒரு மூச்சு விட்டு, “ஒண்ணும் இல்லையே” என்பார். உண்மைதான். ராத்திரி கிளம்பிய வாயு, ஐயா காபி குடித்துவிட்டு வரும்வரை கைகட்டி நிற்குமா? பென்சீன், டொலுவீன் வகையறாக்கள் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். அவை வெளியேற உயர்ந்த புகைபோக்கி வேண்டாம். தேய்ந்த வால்வு, சரியாக மூடாத தொட்டி, தளர்ந்த குழாய் இணைப்பு, திறந்து கிடக்கும் கழிவுநீர்க் குட்டை, ஏதாவது ஓர் இடுக்கு போதும். கரும்புகை இல்லாததால் கண்ணில் படாது. கண்ணில் படாதது கோப்பில் ஏறாது.

2004இல் இந்த மக்கள் அடங்காமல் இன்னொரு காரியம் செய்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை உறிஞ்ச ஒரு பம்பு. கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நாற்றத்தில் வாழ்ந்தவர்கள் 1990களில் கையாண்ட வழி அது. இவர்களும் நாற்றம் வந்த நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சுப் பொருள்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.

பதறாதீர்கள், சட்டமீறல் எதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டில் இந்தியாவில் வெளிக்காற்றில் பென்சீனுக்கு வரம்பே கிடையாது. வேலியே போடாத வயலில் மாடு மேய்ந்தது என்று யார் வழக்குப் போட முடியும்?

பிறகு நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி ஆராய்ந்தது. இந்த மக்களுக்குப் புற்றுநோய் வரும் அபாயம் இயல்பைவிட 2000 மடங்கு என்றது. படிப்பிலோ கூலியிலோ மருத்துவமனைப் படுக்கையிலோ இந்த ஊர்களை யாராவது இரண்டு மடங்காவது உயர்த்தியதுண்டா? ஒரே ஒரு துறையில்தான் 2000 மடங்கு முன்னேற்றம் கொடுத்திருக்கிறோம்.

2009இல் ஒருவழியாக வரம்பு வந்தது. பென்சீன், ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரி என்பது அருமையான கண்டுபிடிப்பு. ஒரு ராத்திரி முழுக்க இருமிய கிழவியின் மூச்சை மீதி 364 நாளோடு சேர்த்து வகுத்துவிட்டால் எல்லாம் சமனாகிவிடும். அடுத்து தினமும் கைபேசியில் பார்க்கிறோமே, காற்றுத் தரக் குறியீடு, அது வந்தது. அதில் எட்டு மாசுகளுக்கு இடம் உண்டு, பென்சீனுக்கு இல்லை. ஆகவே பென்சீன் வீசும் ஊரிலும் திரை பச்சை நிறத்தில் ‘நன்று’ என்று சிரிக்கலாம். ஆனால் அந்த எட்டில் ஓசோனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஓசோன், இதே கரிமச் சேர்மங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடிப் பிறப்பது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்.

அந்த நைட்ரஜன் ஆக்சைடை வாரி வழங்கும் அனல்மின் நிலையங்களுக்கும் 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். தூசு, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் எல்லாம் அதில் உண்டு. கரிமச் சேர்மங்களைக் காணோம். இருந்த விதிக்காவது மரியாதை கிடைத்ததா? கந்தகத்துக்கு 2017 என்று வைத்த கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் சுமார் 78 சதவீத நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியே வேண்டாம் என்று அரசாணை வந்தது. பத்து ஆண்டு தவணை கேட்ட கடன்காரனுக்குக் கடைசியில் கடனையே தள்ளுபடி செய்தார்கள். விவசாயிக்கு இவ்வளவு இரக்கம் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்த நாட்டில் கருவி இல்லாமல் இல்லை. கருவியை எங்கே வைக்கக் கூடாது என்பதில்தான் தெளிவாக இருக்கிறோம். ஒவ்வொரு ஆலையின் மதிலோரமும் இரவும் பகலும் ஓடும் பென்சீன் அளவீட்டுக் கருவி வேண்டும். மணிக்கு மணி அது காட்டும் எண் ஊர் நடுவே, டீக்கடை எதிரில், பலகையில் தெரிய வேண்டும். அந்தப் பலகையை வைக்க மறுக்கிற ஆலையை இழுத்துப் பூட்டுங்கள்.