மாப்பிள்ளை வாங்கிய 325 குதிரை

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"மாப்ள ரேஸ் காரு வாங்கிட்டாராமா, நேர்ல போய்ப் பாத்து உள்ளத உள்ளபடி எழுது" என்று போனில் சொன்னீர்கள். போய்ப் பார்த்தாயிற்று. வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உங்கள் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டது உங்கள் மகளின் சாமர்த்தியம். இனி வருவது முழுக்க மாப்பிள்ளை புராணம்.

வண்டி போர்ஷே 911 கரேரா. 2006-ஆம் வருஷத்து மாடல், இரண்டு கை மாறி வந்தது. 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 325 குதிரைத்திறன். உங்கள் பத்து வீல் லாரி இருபத்தைந்து டன்னோடு ஹைதராபாத் போகிறதே, அதன் இன்ஜினுக்கே இத்தனை குதிரை கிடையாது. இங்கே அத்தனை குதிரையும் சேர்ந்து இழுப்பது ஒன்றரை டன்கூட இல்லாத ஒரு வண்டியை. மாப்பிள்ளை அதுவரை ஓட்டியது 60 குதிரை போலோ. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட போலோவுக்கு 16 நொடி ஆகும். இதற்கு 5 நொடி.

அக்கம்பக்கத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. போர்ஷே தொழிற்சாலை இந்த ஊரிலேயே, வடக்கே சுஃபன்ஹவுசன் என்ற பகுதியில் இருக்கிறது. திருப்பூரில் பனியன் போட்டவரை யார் திரும்பிப் பார்ப்பார்? மாடிவீட்டுப் பாட்டி மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "குளிர்காலத்துக்கு வேறு டயர் இருக்கிறதா?" என்று கேட்டாராம். ஜெர்மனியில் ஆசீர்வாதம் இப்படித்தான் வரும்.

மாப்பிள்ளைக்கு முதலில் பிடிபடாதது வேகம் அல்ல, வேகம் தெரியாமல் இருப்பது. போலோ 130-ஐத் தொட்டால் கதறும், ஸ்டியரிங் நடுங்கும், கதவோரம் காற்று விசிலடிக்கும். 'போதும் சாமி' என்று வண்டியே சொல்லிவிடும். இந்த வண்டி வாயே திறக்காது. இரண்டாம் கியரிலேயே நூறைத் தாண்டிவிடும். ஊருக்கு வெளியே சாதாரண ரோட்டில் இங்கு சட்டம் அனுமதிப்பதே 100 தான். ஆக, ஆறு கியர் உள்ள வண்டியில் இரண்டாவதிலேயே சட்டப்புத்தகத்தின் கடைசிப் பக்கம் வந்துவிடுகிறது. மிச்சம் நான்கு கியரும் பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான்.

அதனால் அவர் தனக்குத்தானே ஒரு வேலி போட்டுக்கொண்டார். டேக்கோமீட்டர் முள் 4,000-த்தைத் தாண்டக் கூடாது. இந்த இன்ஜின் தன் முழுபலத்தைக் காட்டுவது 6,800 சுற்றில். நாலாயிரத்தோடு நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்குக் குதிரையாவது லாயத்திலேயே நிற்கும். என்றைக்காவது தாண்டுவதென்றால் தெரிந்த ரோடு, காய்ந்த தரை, பகல் வெளிச்சம் வேண்டும், பக்கத்து சீட்டில் யாரும் இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனை உங்கள் மகள் போட்டது. பக்கத்தில் ஆள் இருந்தால் ஆம்பிளைகளுக்குக் கால் கனத்துவிடும் என்பது அவள் கணக்கு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஆயில் சூடாகும்வரை மிதிக்காமல் மெதுவாக ஓட்டுகிறார். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றலாம் என்றால், சும்மா இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம். நம் பஸ் ஸ்டாண்டை இவர்கள் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காக ஓட்டியும் ஒரு நாள் மாட்டிக்கொண்டார். அதுவும் நீங்கள் பயப்படுகிற அந்த 250 கி.மீ. வேகத்தில் அல்ல. அக்டோபர் தூறல், காலை ஏழு மணி, ஒரு சின்ன ரவுண்டானா. சைக்கிள்கூட முந்தக்கூடிய வேகம். ரவுண்டானாவை விட்டு வெளியே வரும்போது இரண்டாம் கியரில் லேசாக மிதித்திருக்கிறார். பின்சக்கரம் இரண்டும் வழுக்க, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் ஒதுங்கியது. திடுக்கிட்டுச் சட்டென்று காலை எடுத்தார். அங்கேதான் விஷயமே.

இந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால் இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின் அச்சுக்கும் பின்னால். மொத்த எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்கள் மேல். லோடு நகர்ந்தால் லாரி என்ன செய்யும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சடாரென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும். முன்சக்கரம் தரையைக் கவ்வும், பின்சக்கரம் பிடி தளரும், பின்பக்கம் வீசிவிடும். பயந்தால் காலை எடு என்று நமக்கெல்லாம் சொல்லித்தந்த பாடம் போலோவில் காப்பாற்றும். இதில் அதுவே ஆளைக் குப்புறத் தள்ளும். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே பிரேக்கை முடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனபின் காலை நடுங்காமல் ஒரே அழுத்தத்தில் வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது அவர் கை அல்ல. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு படபடவென்று கண் சிமிட்டியது, அடியில் எங்கோ கடகடவென்று ஒரு சத்தம், வண்டி தானே நேராகிவிட்டது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேண்டும் என்று கம்ப்யூட்டர் பார்த்து, அந்த ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும் ஏற்பாடு அது. 1995-இல் பாஷ் கம்பெனி செய்து மெர்சிடிஸ் வண்டியில் முதலில் வந்தது. 2014 முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார் எல்லாவற்றிலும் கட்டாயம். இதை அணைக்க ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அதன்மேல் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். விக்னம் அந்தப் பக்கம் போகாது.

இந்த ஏற்பாடெல்லாம் இல்லாத காலத்து 911-ஐ நினைத்தால் வயிறு கலங்கும். 1975-இல் முதல் 911 டர்போ வந்தது, 260 குதிரை. மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு கழித்து, வளைவுக்கு நடுவில், மொத்தக் குதிரையும் ஒன்றாக வந்து சேரும். மிரண்டு காலை எடுத்தால் பின்பக்கம் வீசும். அதற்கு ஆங்கிலக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'விதவையாக்கி'. (சித்தியிடம் கடிதத்தைப் படித்துக்காட்டும்போது இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.) மாப்பிள்ளை வண்டியில் டர்போ கிடையாது, மிதித்த அளவுக்கு, மிதித்த நேரத்தில் பலம் வரும். அந்த வகையில் விவரமாகத்தான் வாங்கியிருக்கிறார்.

ரவுண்டானாவில் வழுக்கியதற்குக் கம்ப்யூட்டரோ இன்ஜினோ காரணமில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. டயர். பின் டயர் 265 மில்லிமீட்டர் அகலம், பட்டன் தேயாமல் புதுசாட்டமே இருந்தது. மெக்கானிக் குனிந்து டயரின் பக்கச் சுவரில் ஓர் ஓரமாக இருந்த நாலு எண்ணைத் துடைத்துக் காட்டினார்: 2311. 2011-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த ரப்பர். இது மாதிரி வண்டிகளை முந்தைய முதலாளிகள் துடைத்துத் துடைத்து ஷெட்டிலேயே வைத்திருப்பார்கள். ஓடாததால் டயர் தேயாது, வயசு மட்டும் ஏறும், ரப்பர் இறுகிப்போகும். போதாததற்குக் கோடைக்கால டயர் ஏழு டிகிரிக்குக் கீழே இன்னும் விறைத்துக்கொள்ளும். அகல டயர் ஈரத்தில் தண்ணீர்மேல் மிதக்கவும் அவசரப்படும். நீங்கள் ரீட்ரெட் டயரை விரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பீர்களே, அதை வண்டி வாங்கும்போதே செய்திருந்தால் போதும். நாலு டயரும் புதிதாகப் போட்டார். விலையை எழுதவில்லை, உங்கள் லாரி டயர் விலையே ஞாபகத்தில் இருக்கட்டும்.

அதற்கப்புறம் வசந்தகாலத்தில் மாப்பிள்ளையும் உங்கள் மகளும் ஹோக்கன்ஹைம் போனார்கள். பார்முலா ஒன் பந்தயம் நடந்த ஊர். அங்கே பத்திரமாக ஓட்டப் பழகும் பயிற்சி மையம் ஒன்று உண்டு. நம்மூரில் லைசென்ஸ் வாங்கியவனுக்கு யாராவது மறுபடி ஓட்டக் கற்றுத்தந்தால் மானப்பிரச்சினை ஆகிவிடும். இங்கே முப்பது வருஷம் ஓட்டியவர்கள்கூடப் பணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள். தரையில் தண்ணீர் விட்டு வழுக்க வைக்கிறார்கள். வண்டி ஏறிப் போகும்போது தரையில் உள்ள ஒரு தகடு திடீரென்று பக்கவாட்டில் உதைத்துப் பின்சக்கரத்தைத் தள்ளிவிடும். நீங்கள் சமாளிக்க வேண்டும். முட்டுவதற்கு எதுவும் இல்லாத இடம், அவமானத்தைத் தவிர.

அங்கே மாப்பிள்ளை நல்ல பெயர் வாங்கவில்லை. நீங்கள் அவருக்கு அம்பாசடரில் சொல்லித்தந்த பாடம்தான் காரணம்: பிரேக்கை விட்டுவிட்டுப் பிடி. ஏ.பி.எஸ். இல்லாத காலத்துக்கு அது சரி. இந்த வண்டியில் அந்த விட்டுவிட்டுப் பிடிக்கும் வேலையை மெஷினே செய்கிறது, கால் செய்வதைவிடப் பலமடங்கு வேகமாக. மனுஷன் செய்ய வேண்டியது பெடலைப் பலகையோடு சேர்த்து மிதித்து, வண்டி நிற்கும்வரை எடுக்காமல் இருப்பது. முதல் தடவை அப்படி மிதிக்க முக்கால்வாசிப் பேருக்கு மனசு வராது என்றார் பயிற்சியாளர். உங்கள் மகள் முதல் தடவையே மிதித்தாள். யார் மேலோ கோபம் இருந்திருக்கும்.

அந்தப் பயிற்சியாளர் போட்ட ஒரு கணக்கு மாப்பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்தது. இரண்டு வண்டி ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் பிரேக் போடுகின்றன. ஒன்று 100-இல், இன்னொன்று 130-இல். முதல் வண்டி நின்றுவிட்ட அதே புள்ளியை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் என்ன? எல்லோரும் 30 என்றார்கள். விடை 83. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் ஏறுவதால் வரும் வினை.

ஆட்டோபானுக்கு வருகிறேன், அதுதானே உங்கள் கவலை. ஜெர்மனியில் வேகக் கட்டுப்பாடே கிடையாது என்பது பாதி உண்மை. பல பகுதிகளில் 120, 100 என்று பலகை உண்டு. பலகை இல்லாத இடத்தில் 130-ஐ 'பரிந்துரை வேகம்' என்று 1978-இல் விதித்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் அபராதம் இல்லை. ஆனால் விபத்து நடந்துவிட்டால், தப்பு எதிராளி மேல் இருந்தாலும் நஷ்டத்தில் ஒரு பங்கு வேகமாக வந்தவர் தலையில் விழலாம் என்று 1992-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் இங்கே ஒரு வாய்ப்பாடு உண்டு. 100-இல் போனால் சுதாரிக்க 30 மீட்டர், பிரேக்குக்கு 100 மீட்டர். 200-இல் போனால் சுதாரிக்க 60, பிரேக்குக்கு 400. அவசரத்தில் அழுத்தி மிதித்தால் பிரேக் தூரம் பாதியாகும். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் சீக்கிரம் நிற்கும். அந்த 60 மீட்டரை மட்டும் எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது, அது ஆள் சம்பந்தப்பட்டது.

உண்மையான சிக்கல் அடுத்தவர் கண்ணாடியில் இருக்கிறது. லாரிகளுக்கு இங்கே 80 தான். 80-இல் போகும் லாரியை 82-இல் போகும் இன்னொரு லாரி முந்த ஆரம்பிக்கும். அதற்கு 'யானைப் பந்தயம்' என்று பெயர். பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் கார் பொறுமை இழந்து இடது லேனுக்கு வரும். அவர் கண்ணாடியில் தூரத்துப் புள்ளியாக ஒரு விளக்கு தெரியும். அது 200-இல் வருகிறதா 120-இல் வருகிறதா என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை இப்போது லாரிக்குப் பின்னால் கார் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே நேர் ரோட்டில் காலை எடுத்துவிடுகிறார். அந்தக் காரின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுப் பக்கம் சாய்கிறதா என்றுதான் கண் போகுமாம், இண்டிகேட்டரை நம்புவதில்லை. கொஞ்சம் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏ81-இல் போய்வருகிறார். ஞாயிறன்று இரவு பத்து மணிவரை ஏழரை டன்னுக்கு மேற்பட்ட லாரி ஓடக் கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம். இதை நம் லாரி உரிமையாளர் சங்கத்தில் சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள்.

நியூர்பர்க்ரிங் போக வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. ஐஃபெல் மலையில் 1927 முதல் இருக்கும் பந்தயப் பாதை. குறிப்பிட்ட நாட்களில் டிக்கெட் எடுத்து யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியில் சுற்றலாம். 20.8 கிலோமீட்டர், 73 வளைவு. "நம்ம கொல்லிமலைல 70 கொண்டை ஊசி ஏறுனவன் நான்" என்றார் மாப்பிள்ளை. கொல்லிமலையில் 20 கி.மீ. வேகத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியதும், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் 150-இல் பாய்வதும் ஒன்றல்ல. 1976-இல் நிக்கி லாடா தீக்காயப்பட்டது அங்கேதான். தடுப்புக் கம்பியில் மோதினால் கம்பிக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் அந்தப் பாதை சேர்த்தி இல்லை. உங்கள் மகள் பாலிசியை எடுத்து உரக்கப் படித்தாள். பேச்சு அடங்கியது.

ஊருக்குள் ஜம்பம் காட்டவும் வழியில்லை. 2017 முதல் ரோட்டில் ரேஸ் விடுவது கிரிமினல் குற்றம். எதிரே போட்டிக்கு ஆளே இல்லாமல் ஒருவர் தனியாகக் கண்மண் தெரியாமல் விரட்டினாலும் அதே பிரிவு பாயும், வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

இந்த மாசக் கடைசியோடு வண்டி ஷெட்டுக்குள் போகிறது. அதன் நம்பர் பிளேட்டில் ஓரமாக 04, 10 என்று மேலும் கீழுமாகப் போட்டிருக்கும்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ரோட்டில் ஓடலாம், வரியும் இன்சூரன்ஸும் அந்த மாசங்களுக்கு மட்டும். பனிக்காலம் முழுக்கப் பழைய போலோதான். அதை விற்காமல் வைத்திருப்பதை நானும் மெச்சுகிறேன்.

மே மாசம் நீங்கள் வரும்போது விமான நிலையத்துக்கு இந்த வண்டியில்தான் வருவேன் என்று மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறார். பின் சீட்டு என்ற பெயரில் இரண்டு பள்ளம் இருக்கிறது, அதில் சித்தியின் கைப்பையை வைக்கலாம். சித்தியும் தங்கையும் பெட்டிகளோடு எஸ்-பான் ரயிலில் வந்துவிடட்டும். நீங்கள் முன்னால் உட்காருங்கள், 4,000-க்குமேல் முள் போனால் எனக்குச் சொல்லுங்கள். விசா நேர்காணல் தேதி கிடைத்ததும் எழுதவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்