விமானத்தின் கால்கள்

கேள்வி: அமெரிக்க விதிப்படி 254 ராத்தலுக்குள் அடங்கவேண்டிய அல்ட்ராலைட் விமானத்துக்கு, தூண்போல் அசையாத சக்கரக் கால்களைப் பொருத்திவிட்டால் அபாயமே இராதல்லவா?

பதில்: கால் அசையாவிட்டால் விமானியின் முதுகெலும்பு அசையும், ஐயா! கீழிறங்கும் வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்மடங்காகும் என்பது பௌதிக நியதியாதலால், அச்சக்தியை வளைந்தும் நெகிழ்ந்தும் தானே ஏற்று, மேலே அமர்ந்திருக்கும் பிராணனைக் காப்பதே காலின் தர்மம். ஸ்டீவ் விட்மன் என்ற அமெரிக்க விமானச் சிற்பி வில்லெஃகையே காலாக்கியதும், பைப்பர் கப் விமானத்தில் ரப்பர்க் கயிறுகளைச் சுற்றியதும் இதன் பொருட்டே. எல்லைமீறிய அடி விழுந்தால் கால் கோணிப்போகட்டும். வேறு கால் பூட்டலாம், வேறு முதுகு பூட்ட இயலுமா? ஆனால், கடுமையாக இறங்கியபின் பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் உண்டாவென்று பூதக்கண்ணாடி வைத்துப் பாராமல் மறுபடி கிளம்புவதை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.