பெங்களூர் அடுக்ககத்தில் ஜெர்மானியப் போர் விமானம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலிலேயே வரையறுப்பது மரபு. காலம்: ஞாயிற்றுக்கிழமை சிற்றுண்டிக்குப் பின், மின்வெட்டுக்கு முன். களம்: இந்திரா நகருக்கும் மாரத்தஹள்ளிக்கும் இடையே உள்ள அடுக்ககங்களின் சாப்பாட்டு மேசைகள். பொருள்: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஃபோக்க-வுல்ஃப் 190 ஆகிய விமானங்களின் பிளாஸ்டிக் கிட்டுகளை வாங்கி, ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் “பார்க்கலாம், தொடாதீங்க” என்று சொல்லும் நடுவயது ஆண்கள். பெண்களும் இத்துறையில் இருக்கக்கூடும். ஆய்வாளரின் வலையில் அகப்படவில்லை.

இப்பொருளின் சட்டநிலையே முதல் சிக்கல். கட்டியவர் அதை வரலாற்று ஆவணம் என்கிறார். சுங்கத் தீர்வை அட்டவணையோ 9503 என்ற தலைப்பின் கீழ், மூன்று சக்கர சைக்கிளுக்கும் பொம்மைக்கும் பக்கத்தில் அதை உட்காரவைத்திருக்கிறது. இந்த வகைப் பொருள்களுக்கான தீர்வை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. உள்நாட்டு மரப்பாச்சியைக் காப்பதற்காக வீசிய வலையில் மெஸ்ஸர்ஷ்மிட்டும் சிக்கிக்கொண்டது. இதில் ஒரு உபகதை உண்டு. ஏர்ஃபிக்ஸ் என்ற பழம்பெரும் ஆங்கிலேய நிறுவனம் சில ஆண்டுகளாகத் தன் கிட்டுகளை இந்தியாவில் வார்த்தெடுத்திருக்கிறது, பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இங்கே பிறந்து, கடல் கடந்து, பட்டம் பெற்று, தீர்வை கட்டித் தாயகம் திரும்பும் பிள்ளைகளைப் பெங்களூருக்குப் பழக்கம்தான். பிளாஸ்டிக்குக்கும் அந்த யோகம் அமைவது சற்று அதிகம்.

இனி உட்பிரிவுகள். இத்துறையில் சமயம் ஒன்று, கலைகள் இரண்டு. 109 கலையினர் மெஸ்ஸர்ஷ்மிட்டே முழுமுதல் என்பர். 34,000-க்குப் பக்கமாகக் கட்டப்பட்டது, எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தியது அதில்தான் என்று சான்று காட்டுவர். 190 கலையினர், 1935-ல் அந்த 109 முதன்முதலில் மேலே போனது ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல் என்ற ஆங்கிலேய எஞ்சினின் தயவில்தான் என்பதை நினைவூட்டிவிட்டுக் காப்பியை ஆற்றிக் குடிப்பர். கோயில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று வடகலையும் தென்கலையும் நீதிமன்றம் ஏறிய மண்ணிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தகராறு எளிதில் புரியும்.

190 கலைக்குத் தலபுராணமும் இருக்கிறது. அந்த விமானத்தை வடிவமைத்த கூர்ட் டாங்க், வரைபலகையோடு நிற்காமல் தானே ஓட்டிப் பார்க்கும் ஆசாமி. 1944 இறுதியில் தன் டிஏ 152-ல் போய்க்கொண்டிருந்தபோது அமெரிக்க மஸ்டாங்குகள் துரத்த, எஞ்சினுக்குள் நீரும் மெத்தனாலும் பீய்ச்சும் விசையைத் தட்டிவிட்டு அவர்களைப் பின்னால் விட்டுப் போனார். அந்த ‘டிஏ’ அவர் பெயரின் முதலிரண்டு எழுத்து. தன் பெயர் போட்ட வண்டியில் தானே தப்பி ஓடிய பொறியாளர் வேறு யாரும் ஆய்வாளருக்குத் தெரிந்து இல்லை.

அளவையியலுக்கு வருவோம். ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்று கொண்டால் கிடைப்பது 1/72. ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். 190-இன் இறக்கை வீச்சு 10.5 மீட்டர், மேசைமேல் 14.6 சென்டிமீட்டர். இதுவரை யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எடையில்தான் கோளாறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 72 மடங்கு சுருங்கினால் கொள்ளளவு 3,73,248 மடங்கு சுருங்கும். சுமார் 4,400 கிலோ எடையோடு கிளம்பிய ஃபோக்க-வுல்ஃப், நியாயப்படி 12 கிராம்கூட இருக்கக் கூடாது. மூன்று கோட் பிரைமரும் இடுக்கில் அப்பிய புட்டியுமாக நம்மவர்கள் கட்டுவது அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது. போர்க்காலத்தில் இந்த விகிதத்தில் கட்டியிருந்தால் நேச நாடுகளுக்கு வேலையே இருந்திருக்காது.

வண்ணப் பூச்சின் கனம் 0.1 மி.மீ. என்றால் நிஜ விமானத்தில் அது 7.2 மி.மீ.; சுவருக்குப் பூசும் கணக்கு. ஈரமான பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒரு தலைமுடி, இறக்கைமேல் கிடக்கும் 5 மி.மீ. கம்பி. பெங்களூர் மெட்ரோவின் நீலத் தடத்துக்காக வெளிவட்டச் சாலையில் கிளம்பும் புழுதி சன்னல் வழியாக வந்து இறங்குமானால், ஒவ்வொரு துகளும் ஜெர்மானிய வான்படையான லுஃப்ட்வாஃபேயின் ஓடுதளத்தில் உருண்டு வந்த கூழாங்கல்தான். இதனாலேயே பெயின்ட் அடிக்கும் நாளில் மின்விசிறி நிறுத்தப்படுகிறது, சன்னல் சாத்தப்படுகிறது, வீட்டில் மற்றவர்கள் ஏதேனும் கோயிலுக்குப் போகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

எந்த வண்ணம் என்பதில்தான் உண்மையான புலமை வெளிப்படும். ஜெர்மானிய வான்படை அமைச்சகம் வண்ணங்களுக்கு எண் கொடுத்திருந்தது. 1941-க்குப் பிந்தைய போர் விமானங்களின் மேல்புறத்துக்கு 74, 75, அடிப்புறத்துக்கு 76. 74 பச்சை கலந்த சாம்பல், 75 ஊதா ஓடும் சாம்பல், 76 வெளிர்நீலம். சிக்பேட்டைப் புடவைக்கடை அனுபவம் உள்ள ஒரு அம்மாள் 75-ஐப் பார்த்த மாத்திரத்தில் “கத்தரிப்பூ கலர், பத்துத் தண்ணி போனது” என்றார். ஜெர்மானிய ஆவணங்களில் இவ்வளவு துல்லியமான விவரணை இல்லை.

81, 82, 83 என்ற போர்க்கடைசி எண்களில் தொடங்குகிறது பாடபேதம். இவற்றுக்கு அமைச்சகத்தின் வண்ண அட்டை எதுவும் கிடைக்கவில்லை. ஒருவர் 81-ஐப் பழுப்பு என்பார், ஒருவர் ஊதாப் பழுப்பு என்பார், இன்னொருவர் ஆலைக்கு ஆலை மாறும் என்று சொல்லி இருவரையும் கைவிடுவார். 83 கரும்பச்சை என்று ஒரு தலைமுறையே பூசி முடித்த பிறகு, இல்லை, அது நீலம் என்று ஒரு கட்சி எழும்பியிருக்கிறது. சாட்சிக்கு இருப்பவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றிலும் அக்கால ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பைக் கறுப்பாக்கிவிடும், மஞ்சளையும் இருட்டடிக்கும். நிறமே இல்லாத படத்திலிருந்து நிறத்தை நிறுவி, அதற்காக நண்பர்களோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்பவர்களைப் பார்க்கையில், நம் உரையாசிரியர்கள் எவ்வளவோ சாதுக்கள் என்று தோன்றும்.

வால் பகுதியைப் பற்றி எழுதாமல் நழுவ முடியாது. நிஜ விமானத்தின் வாலில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு அதைக் காட்சிக்கு வைப்பதைத் தடுக்கிறது. ஆகவே பல பெட்டிப் படங்களில் வால் மொட்டையாக இருக்கும், டீகல் தாளில் சின்னம் இல்லாமலோ இரண்டு துண்டாகவோ வரும். இந்தத் துண்டுகளை இணைப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் பெங்களூர்க்காரரின் வாசல் நிலையில் மஞ்சளில் ஒரு ஸ்வஸ்திகா, பூஜை போட்ட ஸ்கூட்டரின் முகப்பில் குங்குமத்தில் இன்னொன்று. வீடு நிறைய அது இருக்கும்போது வாலில் மட்டும் எதற்கு வெற்றிடம் என்று பிள்ளைகள் கேட்கும். ஏன் என்று உட்கார்ந்து சொல்லத்தான் வேண்டும். 190-ஐக் கட்டிய ஆலைகளில் கட்டாயமாகப் பிடித்துவரப்பட்டவர்கள் வேலை செய்தார்கள். எண் 83 பச்சையா நீலமா என்பதற்கு நாற்பது பக்கம் ஒதுக்கும் துறை, இதற்கு நான்கு வரி ஒதுக்கிப் பார்த்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆய்வாளருக்கு நகைச்சுவை வரவில்லை.

அலமாரி நிறைந்துவிட்டால் மிச்ச விமானங்கள் நவராத்திரிக்காகக் காத்திருக்கும். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் கொலுவின் கீழ்ப்படி பிள்ளைகளின் ராஜ்யம்: பூங்கா, மிருகக்காட்சிசாலை, விமான நிலையம். அங்கே ஃபோக்க-வுல்ஃப் இறங்கியதும் அளவுச் சிக்கல் வெடிக்கிறது. பக்கத்தில் அரிசி பருப்பைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை 15 சென்டிமீட்டர். 1/72 கணக்கில் அவர் உட்கார்ந்த நிலையிலேயே 10.8 மீட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்தாலும் செட்டியாரைவிடக் குறைவு. அவர் ஒரு கை நீட்டினால் லுஃப்ட்வாஃபேயின் சரித்திரம் முடிந்தது. அவருக்கு வியாபாரமே கவனம்.

மையக் கருதுகோளுக்கு இப்போதுதான் வர முடிகிறது. இந்நகரின் மாடல்காரர் 190-இன் கேனோபிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அதை வரைந்த மனிதர் இதே ஊரில் பத்தாண்டுக்கு மேல் குடியிருந்தார் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. போருக்குப் பின் அர்ஜென்டினா போய் அந்நாட்டு அதிபர் பெரோனுக்காக புல்கி-2 என்ற ஜெட்டைச் செய்த கூர்ட் டாங்க், 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும் வேலை தேடினார். 1956-ல் இந்தியா அழைத்தது. ஜெர்மன் பொறியாளர் குழுவோடு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு (எச்.ஏ.எல்.) வந்து, நம் பொறியாளர்களோடு சேர்ந்து எச்.எஃப்.-24 மருத் என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார்.

மாடல் கலையின் உச்சம் அப்போது நிகழ்ந்தது. ஜெட்டைக் கட்டுமுன் அதன் வடிவத்தைச் சோதிக்க, மரத்திலேயே முழு அளவில் ஒன்றைச் செய்தார்கள். எஞ்சின் கிடையாது. 1959-ல் டகோட்டா விமானம் அதை வடம் கட்டி மேலே இழுத்துப்போய் விட, கிளைடராக மிதந்து இறங்கியது. உள்ளே ஆள் உட்கார்ந்தே ஓட்டினார். இதுவே பெங்களூரில் கட்டப்பட்டவற்றுள் ஆகச் சிறந்த மாடல், அளவு 1/1 என்பது இவ்வாய்வின் துணிபு. பலமுறை பறந்த பின் ஒரு தரையிறக்கத்தில் அதன் மூக்குச் சக்கரம் இறங்காமல் அடிபட்டது. அலமாரியைத் துடைக்கும்போது முதலில் முறிவதும் சக்கரம்தான் என்று எல்லா மாடல்காரர்களும் வாக்குமூலம் அளித்திருக்கிறார்கள்.

உலோக மருத்தை 1961 ஜூன் 17 அன்று முதலில் பறக்கவிட்டவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். 1970-ல் மருத் விபத்தொன்றிலேயே இறந்தார். அவர் பெயர் தாங்கிய சாலையில் இன்று போக்குவரத்து நகரும் வேகத்தைப் பார்த்து யாரும் ஒலிவேகத்தை நினைக்கமாட்டார்கள். மருத்தும் ஒலிவேகத்தை எட்டித் தொட்டதோடு சரி. திட்டமிட்ட வலுவான எஞ்சின் வராமல், ஆர்ஃபியஸ் 703 என்ற ஆங்கிலேய எஞ்சின்கள் இரண்டைக் கொண்டே காலம் தள்ளியது. 109-ஐ ஆங்கிலேய எஞ்சினுக்காக இகழும் 190 கலையினர் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவர்.

கலைகளுக்குள் சமரசமும் நம்மாட்களால்தான் ஏற்பட்டது. 109-க்குத் தன் பெயரைத் தந்த மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த எச்.ஏ.-300 என்ற ஜெட்டை எகிப்து 1964 மார்ச் 7 அன்று பறக்கவிட்டபோது, ஓட்டியவர் இந்திய விமானி கபில் பார்கவா. அதற்கான எகிப்திய எஞ்சினைப் பொருத்திப் பறந்து சோதித்ததோ நம் மருத் ஒன்றில். ஐரோப்பாவில் போட்டியாளர்களாக இருந்த இருவரின் கடைசிப் பிள்ளைகளும் கெய்ரோவுக்குப் பக்கத்தில் சம்பந்தம் பேசின.

மருத் 147 கட்டப்பட்டது, 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பறந்தது, எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மியூனிக் அருகே ஜெர்மானியர்களே ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் 190-க்கு எண்ணற்ற பெட்டிகளை இறக்கிய தாமியா, ஹசேகாவா, ரெவெல், ஏர்ஃபிக்ஸ் யாருக்கும் மருத்துக்கு ஒரு பெட்டி போடத் தோன்றவில்லை. டாங்கின், போரில் தோற்ற விமானம் ஒட்டுவதற்குத் தயாராகக் கிடைக்கிறது. நம் ஊரில் பிறந்ததைப் பிளாஸ்டிக் அட்டையை வெட்டிச் செய்ய வேண்டியதுதான். 1/72-ல் 22 சென்டிமீட்டர் நீளம், 12.5 சென்டிமீட்டர் வீச்சு. மூக்கு நுனிக் குழலுக்குப் பால்பாயின்ட் ரீஃபில் போதும்.

செய்யத் தொடங்கியாயிற்று. கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவர் எச்.ஏ.எல்.-இல் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மருத்தின் இறக்கையைக் கையால் தொட்டவர். ஆய்வாளர் ரிவெட்டுச் சக்கரத்தை உருட்டி இறக்கைமேல் புள்ளி வரிசை பதித்துக்கொண்டிருந்த வேளையில் வந்தார்.

“என்ன தம்பி, குத்திக் குத்தி வைக்கிறீங்க?”

“ரிவெட்டுங்கய்யா. நிஜ பிளேன்ல இருக்கும்ல?”

“இருக்கும். தெரியாது. தெரிஞ்சா இன்ஸ்பெக்‌ஷன்காரன் சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டுப் போயிடுவான். துளைச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கணும். வழவழன்னு இருக்கணும், தம்பி. விரல்ல தடவினா ஒண்ணும் தட்டக் கூடாது.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரியவர் பக்கமே நியாயம். சக்கரம் பதிக்கும் 0.2 மி.மீ. புள்ளி, நிஜத்தில் 14 மி.மீ. பள்ளம். ஆனால் ரிவெட்டு தெரியாத மாடலை, வேலை அரைகுறை என்று துறையறிஞர்கள் தள்ளிவிடுவார்கள். பணிக்காலம் முழுக்க அவர் மறைத்ததை ஞாயிறுதோறும் தோண்டி எடுப்பதே புலமை என்று ஆகியிருக்கிறது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னதற்கு, “அப்ப அவங்க யாரும் பிளேன் கட்டினதில்ல” என்று முடித்துக்கொண்டார்.

தற்போதைய நிலவரம்: மருத்தின் இடது இறக்கை கீழ்த்தளத்தில், அவரிடம், உப்புத்தாளோடு இருக்கிறது. வலது இறக்கை மேல்தளத்தில் ரிவெட்டுச் சக்கரத்தோடு. இரண்டையும் ஒரே உடலில் ஒட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது.